விழித்திருப்போர் காணும் ஒளி

2008-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ம் தேதியன்று, அமெரிக்கக் கண்டங்களில் நள்ளிரவு கடந்திருந்த வேளையில், சுவாதி விண்மீன் விளங்கும் வானப் பகுதியில் புதியதோர் ஒளிப்புள்ளி தோன்றிற்று. கருவியின் துணையின்றி வெறுங்கண்ணாற் காணத்தக்க பிரகாசத்தோடு அஃது ஏறத்தாழ அரை நிமிஷம் நின்று, பின் மங்கி மறைந்தது. அவ்வொளி தன் பிறப்பிடத்தை விட்டுப் புறப்பட்டது ஏறக்குறைய 750 கோடி ஆண்டுகட்கு முன்னர். அன்று நம் சூரியனும் இல்லை. நாம் நிற்கும் இப்பூமியும் இல்லை. அத்துணை நெடும் பயணம் செய்து வந்த விருந்தினன் நம் வாயிலில் நின்றது அரை நிமிஷமே. சிலி நாட்டில் அவ்வானப் பகுதியை முன்னரே நோக்கிக்கொண்டிருந்த சில சிறு காமிராக்கள் அதனைப் பதிவு செய்துகொண்டன. உறங்கினோர்க்கு அவ்வொளி பிறவாததற்குச் சமம். விழித்திருந்தோர்க்கோ அது கிடைத்தற்கரிய செல்வமாயிற்று.

இவ்வகை நிகழ்ச்சிகளையே வானநூலார் காமாக் கதிர் வெடிப்புக்கள் என வழங்குகின்றனர். இவற்றைக் கொண்டு, பேரண்டத்தில் முதன்முதல் ஒளி வீசிய விண்மீன்களின் வரலாற்றை ஆராய்தல் இயலுமோ, இயலுமாயின் அதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். எம் கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். மிகப் பெரிய தொலைநோக்கிகளால் மட்டும் அவ்வரலாற்றை எழுதி முடித்தல் இயலாது. கணப்பொழுதில் தோன்றி மறையும் இவ்வொளிகளுக்காக வானமுழுதும் இடையறாது காவல் புரிதலும் வேண்டும். அக்காவலில் நம் நாட்டிற்கும் உரிய பங்கு உண்டு.

இனி, முதல் விண்மீன்களைப்பற்றி நாம் ஏன் கவலுதல் வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம். பேரண்டம் விரியத் தொடங்கி இற்றைக்கு ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் அதன்கண் இருந்த பொருள் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு லித்தியமுமே. ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகள் கழிந்தபின் வெப்பம் தணிந்து, ஒளி தடையின்றிச் செல்லும் நிலை உண்டாயிற்று. எனினும் ஒளி தருதற்கு அன்று விண்மீன் ஒன்றேனும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் நீடித்த அந்நிலையை இருண்ட காலம் என்ப. பின்னர் வாயுத்திரள்கள் தம் ஈர்ப்பினாலேயே சுருங்கி, முதல் விண்மீன்களாய் எரியத் தொடங்கின. அவை நம் சூரியனைப்போற் பதின்மடங்கு முதல் பன்னூறு மடங்கு வரை பொருண்மை உடையனவாய் இருந்திருக்கும் என்றும், சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே தம் வாழ்நாளை முடித்திருக்கும் என்றும் கணக்கிடுகின்றனர். நாம் உட்கொள்ளும் மூச்சிலுள்ள ஆக்ஸிஜனும், நம் எலும்பிலுள்ள சுண்ணமும், நம் குருதியிலுள்ள இரும்பும் விண்மீன்களின் உள்ளேயும் அவற்றின் அழிவிலும் ஆக்கப்பட்டவை. அவ்வாக்கத்தைத் தொடங்கிவைத்தவை முதல் விண்மீன்கள். ஆதலின் அவற்றின் வரலாறு நம் உடம்பின் வரலாற்றுக்கு முன்னுரை எனலாம்.

ஆயின், அவற்றுள் ஒன்றையேனும் தனித்துக் கண்டோம் என்று ஐயமறக் கூறுவார் இன்றுவரை இலர். அத்துணைத் தொலைவில் ஒரு தனி விண்மீன் வாழும்போது வீசும் ஒளி நம்மை எட்டுதல் அரிது. அது சாகும்போது வீசும் ஒளியோ எட்டக்கூடும். இவ்விடத்திலேதான் காமாக் கதிர் வெடிப்புக்கள் நமக்குத் துணையாகின்றன.

இவ்வெடிப்புக்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறே ஒரு படிப்பினையாகும். 1963-ம் ஆண்டில், நிலத்தடியன்றி வேறெங்கும் அணுகுண்டுச் சோதனை நிகழ்த்தலாகாது என்ற உடன்படிக்கை ஏற்பட்டது. அதனை எவரேனும் மறைவாக மீறுகின்றனரோ என்று கண்காணிக்க, வேலா என்னும் செயற்கைக் கோள்களை அமெரிக்கர் விண்ணில் நிறுத்தினர். 1967-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ம் தேதியன்று அவற்றின் கருவிகள் காமாக் கதிர்களின் துடிப்பு ஒன்றைப் பதிவு செய்தன. அஃது அணுகுண்டின் குறியன்று. லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்தார் பின்னொரு காலத்தில் பழைய பதிவுகளைப் பொறுமையுடன் புரட்டி நோக்கியபோதே அது கண்ணிற் பட்டது. அவ்வகைத் துடிப்புக்கள் பதினாறு திரண்டபின், கிளீபசடெல், ஸ்டிராங், ஆல்சன் என்னும் மூவர் 1973-ம் ஆண்டில் அவற்றை உலகிற்கு வெளியிட்டனர். பகைவனை ஐயுற்று அமைத்த காவல், படைப்பின் மறைபொருள் ஒன்றைக் காட்டிற்று. வேண்டாத பதிவு என்று அவர்கள் அதனை எறிந்துவிடாமையே அக்கண்டுபிடிப்பின் வேர் என்பதை மாணவர் கருதுவாராக.

இவை எத்துணைத் தொலைவில் நிகழ்கின்றன என்பது நெடுநாள் வழக்காயிருந்தது. 1991-ம் ஆண்டில் ஏவப்பட்ட காம்ப்டன் என்னும் விண்கூடம் ஈராயிரத்தெழுநூற்றுக்கும் மேற்பட்ட வெடிப்புக்களைக் கண்டது. அவை பால்வீதியின் தளத்தில் திரளாமல் வானமெங்கும் சமமாய்ப் பரவியிருந்தன. 1995-ம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் நிகழ்ந்த ஒரு சொற்போரில், இவை பேரண்டத்தின் தொலைவிடங்களைச் சார்ந்தன என்று பாச்சின்ஸ்கியும், நம் பால்வீதியின் சுற்றுப்புறத்தனவே என்று டொனால்டு லாம்பும் வாதிட்டனர். இரண்டே ஆண்டில் விடை கிடைத்தது. 1997-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ம் தேதி நிகழ்ந்த வெடிப்புக்குப்பின், அவ்விடத்தில் மெல்ல மங்கிச் செல்லும் பின்னொளி ஒன்று இருத்தலைப் பெப்போசாக்ஸ் என்னும் கோளின் உதவியால் கண்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் மற்றொரு வெடிப்பின் பின்னொளியை நிறமாலையாகப் பகுத்து நோக்கியபோது, அது பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவினது என்பது தெளிவாயிற்று. பாச்சின்ஸ்கியின் கட்சி வென்றது.

சில வினாடிகளுக்கு மேல் நீடிக்கும் வெடிப்புக்கள், பெரும் பொருண்மையுடைய விண்மீன்கள் தம் எரிபொருள் தீர்ந்து உள்ளே இடிந்து வீழுங்கால் நிகழ்வன. 2003-ம் ஆண்டு மார்ச்சு 29-ம் தேதி நிகழ்ந்த வெடிப்போடு ஒரு சூப்பர்நோவாவும் உடன் தோன்றியமை இதனை உறுதிப்படுத்திற்று. இடிந்து வீழ்ந்த விண்மீனின் நடுவிலிருந்து இரு புறமும் ஒளியின் வேகத்தை அணுகிய வேகத்தோடு தாரைகள் பீறிட்டெழும். அவற்றுள் ஒன்று நம்மை நோக்கி அமையின் நாம் அதனை வெடிப்பாகக் காண்போம். நம் சூரியன் தன் ஆயுள் முழுவதும் வெளியிடும் ஆற்றலுக்கு ஒப்பான ஆற்றல் சில வினாடிகளில் அதன்கண் வெளிப்படும். இரு வினாடிக்குக் குறைந்த வெடிப்புக்கள் பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன்கள் மோதிக் கலப்பதால் உண்டாவன. அவை ஈண்டு நம் பொருளல்ல.

தொன்மையை ஆராய்வோர்க்கு இவ்வொளி மூவகையில் ஏற்புடையது. முதலாவது, இதன் பிரகாசம். அண்டத்தின் தொடக்க நாட்களில் நிகழ்ந்ததாயினும் இஃது இன்றைய கருவிகளுக்கு எட்டும். இரண்டாவது, இதன் எளிமை. பின்னொளியின் நிறமாலை தன்னளவிற் கோடுகள் இன்றி ஒரு சீராய் அமைந்தது. வெள்ளைத் திரைக்குமுன் நிற்பவனுடைய நிழல் தெளிவாய் விழுதல்போல, இடையிலுள்ள வாயுவின் அடையாளங்கள் கரிய கோடுகளாய் அதன்மேற் பதியும். அவ்வாயுவில் ஆக்ஸிஜன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, சிலிக்கன் எவ்வளவு என்று அக்கோடுகளால் அளக்கலாம். முதல் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் சுற்றியிருந்த ஹைட்ரஜனை எவ்வளவு சிதைத்திருந்தன என்பதையும் அறியலாம். மூன்றாவது, காலத்தின் நீட்சி. அண்டம் விரிவதனால் ஒளியலைகள் நீளுவதுபோல நிகழ்ச்சியின் காலமும் நமக்கு நீண்டு தோன்றும். செம்பெயர்ச்சி 9 ஆக உள்ள ஒரு வெடிப்பை ஒரு நாள் கழித்து நாம் நோக்குவோமாயின், அது நிகழ்ந்த இடத்தின் கடிகாரப்படி நிகழ்ந்து இரண்டரை மணி நேரத்திற்கும் குறைவான நிலையையே காண்போம். தொலைவினால் உண்டாகும் மங்கலை இந்நீட்சி ஓரளவு ஈடு செய்கின்றது.

இவை ஏட்டுச் சுரைக்காயல்ல. 2004-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் கோள், வெடிப்பைக் கண்டவுடன் ஓரிரு நிமிஷங்களுள் தன் மற்றைக் கருவிகளையும் அத்திசையில் திருப்பி, இடக்குறியை நிலவுலகிற்கு அறிவிக்குமாறு அமைக்கப்பட்டது. 2009-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் தேதி அது கண்ட பத்து வினாடி வெடிப்பொன்றை, ஹவாய்த் தீவிலும் கனேரித் தீவிலும் சிலி நாட்டிலும் உள்ள தொலைநோக்கிகள் தொடர்ந்து நோக்கின. அதன் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 8.2, அண்டத்தின் வயது 63 கோடி ஆண்டாயிருந்த காலத்து விண்மீன் அது. அண்மையில், 2025-ம் ஆண்டு மார்ச்சு 14-ம் தேதி, பிரஞ்சுக்காரரும் சீனரும் கூடி அமைத்த ஸ்வோம் என்னும் கோள் மற்றொரு வெடிப்பைக் கண்டது. அதன் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 7.3, அண்டத்தின் வயது அப்போது 73 கோடி ஆண்டு. ஆராய்ச்சியாளர் உடனே விரையாமல் மூன்றரை மாதம் காத்திருந்து, ஜூலை மாதத்தில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை அத்திசை திருப்பினர். நம் மூன்றரை மாதம் அங்கே பதின்மூன்று நாள் அளவே. ஒரு சூப்பர்நோவா பொலிவின் உச்சியை அணுகும் காலம் அது. அவர் கணித்தவாறே சூப்பர்நோவாவின் ஒளி அங்கே காணப்பட்டது. விரைந்து கண்ட கோளும், நிதானித்து நோக்கிய பெருந்தொலைநோக்கியும் கூடியே இச்செயலை முடித்தன.

இனி, எம் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம். "2021-ம் ஆண்டு டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அண்டம் முப்பது கோடி ஆண்டும் நிரம்பாதிருந்த காலத்து விண்மீன் கூட்டங்களையே காட்டிவிட்டது. அங்ஙனமாக, எப்போது வரும் என்று அறியப்படாத ஒளிக்குக் காத்திருப்பானேன்?" என்று வினவுவார் உளர். இவ்வினா மதிக்கத்தக்கதே. ஆயினும் ஒரு கூட்டத்தின் ஒளி பல கோடி விண்மீன்களின் ஒளி; அதிலிருந்து தனியொன்றின் இயல்பை அறிதல், திருவிழாவின் ஆரவாரத்தைக் கேட்டு ஒருவன் குரலை அறிய முயலுதல் போலும். மேலும், பெரிய தொலைநோக்கிக்கும் பெரிய கூட்டங்களே எளிதிற் புலனாகும். செம்பெயர்ச்சி 5-க்கு மேற்பட்ட ஆறு வெடிப்புக்கள் நிகழ்ந்த இடங்களை ஹபிள் தொலைநோக்கியால் ஆழ்ந்து நோக்கி, 2012-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஓரிடத்தும் விண்மீன் கூட்டம் புலப்படவில்லை. விண்மீன் ஆங்கு இறந்தமை உறுதி. அது பிறந்த ஊரோ கண்ணுக்கு எட்டாத சிற்றூர். அன்றைய விண்மீன்களிற் பெரும்பகுதி இத்தகைய சிற்றூர்களிலேயே பிறந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பேரூர்களை மட்டும் எண்ணி நாட்டின் குடிக்கணக்கை முடித்தல் தகுமோ?

"முதல் விண்மீன் ஒன்றின் வெடிப்பை இன்னும் கண்டதில்லையே" என்பது இரண்டாவது தடை. இஃது உண்மை, இதனை மறைத்தல் நேர்மையாகாது. 2009-ம் ஆண்டின் வெடிப்பு, அண்மையில் நிகழும் வெடிப்புக்களினின்று வேறுபட்டதாகத் தோன்றவில்லை. 2025-ம் ஆண்டின் சூப்பர்நோவாவும், 1998-ம் ஆண்டில் நம் அயலிற் கண்ட ஒன்றைப் பெரிதும் ஒத்திருந்தது. முதல் தலைமுறை விண்மீனாயின் அது வேறு வகையாய் இருந்திருக்கும் என எதிர்பார்த்தோர்க்கு இஃது ஏமாற்றமே. ஆனால் எழுபது கோடி ஆண்டுக்குள்ளேயே விண்மீன்கள் இன்றையவற்றைப் போல வாழவும் மாளவும் தொடங்கிவிட்டன எனின், முதல் தலைமுறை அதற்கும் முன்னரே கழிந்திருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. தேடற்குரிய எல்லை பின்னோக்கிச் சென்றது, தேடல் வீணாகவில்லை. பிறிதொரு எச்சரிக்கையும் வேண்டும். நீண்ட வெடிப்புக்கள், கனத்த தனிமங்கள் குறைந்த இடங்களிலேயே மிகுதியாய் நிகழ்கின்றன. ஆதலின் வெடிப்புக்களின் தொகையைக் கொண்டு விண்மீன்களின் தொகையை நேரே கணக்கிடுதல் பிழையாம். சாட்சி உண்மை கூறினும், அவன் எந்தத் தெருவினின்று நோக்கினான் என்பதையும் நடுவர் கருதுதல் வேண்டுமன்றோ?

மூன்றாவது தடை நம் நாட்டைப்பற்றியது. "பசியும் பிணியும் தீராத நாட்டிற்கு இவ்வாராய்ச்சி எதற்கு?" என்பர் சிலர். பசியைப் பொருட்படுத்தாத அறிவை நாமும் போற்றுவதில்லை. ஆயினும் இக்காவலில் நமக்குரிய பங்கு பெருஞ்செல்வத்தால் வருவதன்று. நம் நாடு இருக்கும் இடத்தால் வருவது. பூமி சுழன்றுகொண்டே இருக்கின்றது. பின்னொளியோ மணிக்கு மணி மங்குகின்றது. சிலியிலும் ஹவாயிலும் பகலாயிருக்கும் நேரத்தில் இரவிலிருக்கும் ஒரு தேசத்தில் விழித்த கண் ஒன்று வேண்டும். லடாக்கில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே என்னுமிடத்தில் இரண்டு மீட்டர் தொலைநோக்கி ஒன்று நிற்கின்றது. அது தாங்கும் பெயர், சென்னையிற் பயின்று, 1930-ம் ஆண்டில் கப்பற் பயணத்தின்போதே இறந்துபட்ட விண்மீன்களின் பொருண்மைக்கு ஓர் எல்லை உண்டு எனக் கணித்த சந்திரசேகரரின் பெயர். 2015-ம் ஆண்டு செப்டம்பர் 28-ம் தேதி ஏவப்பட்ட நம் ஆஸ்ட்ரோசாட் கோள், அடுத்த மாதம் 6-ம் தேதியன்றே ஒரு வெடிப்பைக் கண்டது. 2022-ம் ஆண்டிற்குள் அதன் கணக்கு 500-ஐ எட்டிற்று. வானமுழுதையும் ஒருங்கே காக்கவல்ல தக்ஷா என்னும் இரட்டைக் கோள் திட்டமும் நம் ஆராய்ச்சியாளரால் முன்மொழியப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்கு நாடு கை கொடுத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. காக்கும் கோள் ஒன்று பழுதுற்று அடுத்தது இன்னும் ஏவப்படாத இடைக்காலத்தில் வரும் ஒளி, மீண்டும் ஒருமுறை வாராது. பெருந்தொலைநோக்கி ஓராண்டு தாமதித்து எழும்பினும் அது நோக்கவேண்டிய விண்மீன் கூட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். இவ்விருந்தினரோ நமக்காக நில்லார்.

நம் கல்லூரியில் பயில்வோர் பலர்க்கு மற்றோர் ஐயமும் எழலாம். வேதத்தின் முதல் அதிகாரம் ஒளியின் பிறப்பைக் கூறுதலின், முதல் விண்மீன்களின் ஆராய்ச்சியை அதற்குச் சான்றாகக் கொள்ளலாமோ, அன்றி அதற்குப் பகையென அஞ்சவேண்டுமோ என்பதே அது. இரண்டும் வேண்டா என்பது எம் கருத்து. வானநூலின் முடிவுகள் புதிய சான்று வருந்தோறும் திருத்தம் பெறுவன. திருத்தத்திற்கு இடங்கொடுத்தலே அதன் பெருமை. நாளை திருத்தப்படக்கூடிய ஒன்றின்மேல் நம்பிக்கையின் வீட்டைக் கட்டுதல் இரண்டிற்கும் தீங்காம். ஆனால் நம் திருமறையிலிருந்து வானநூல் மாணவன் பெறத்தக்க ஒழுக்கம் ஒன்று உண்டு. மணவாளன் வரும் நேரத்தை அறியாமல் விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். பதின்மரும் உறங்கினர், பதின்மரிடத்தும் விளக்கு இருந்தது. எண்ணெயை முன்கூட்டிச் சேர்த்து வைத்திருந்தார் ஐவரே. அவ்வேற்பாடே அவர்களை உள்ளே சேர்த்தது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. உங்களுள் பௌதிகமும் கணிதமும் பயில்வோர், இத்துறையில் பெருங்கருவிகளை ஆள்வோரே வெற்றி பெறுவர் என்று மயங்கற்க. வேலாக் கோளின் பழம்பதிவுகளைப் பொறுமையோடு புரட்டினவரும், சிலியில் சிறு காமிராவை வானோக்கித் திறந்து வைத்தவரும், மூன்றரை மாதம் என்று கணித்துக் காத்திருந்தவரும் பெற்ற பேறு விழிப்பினாற் பெற்றது. வேறு துறை பயில்வோர், நாளை ஆட்சியிலும் பொதுவாழ்விலும் அமர்ந்து, எதற்குப் பொருள் ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் நாளில், காவற்காரனுக்குரிய கூலியையும் மறவாதிருப்பாராக. முதல் விண்மீன்களுள் ஒன்று மாண்டபோது புறப்பட்ட ஒளி, இக்கணத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். அது வந்து நிற்கப்போவது சில நிமிஷமே. அவ்வேளையில் நம் விளக்கில் எண்ணெய் இருத்தல் வேண்டும்.